கிளம்பும்போது கையில் என்ன, பையில் என்ன? கேள்வியும் பதிலும்

காரைக்குடியில் பை தைப்பதும், ஜிப் மாற்றுவதும், அறுந்த வாரைத் தைத்துக் கொடுப்பதும் என் தொழில். ரிப்பேருக்கு வரும் பையைக் காலி செய்யும்போதே அவரவர் தினமும் எதையெல்லாம் சுமக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். பையை பஸ்ஸில் விட்டுவிட்டு, அதே மாதிரி வேண்டும் என்று கலங்கி வந்து நிற்பவர்களையும் பார்க்கிறேன். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கோட்டையூரிலிருந்து பஸ்ஸில் கல்லூரிக்குப் போகிறேன் அண்ணா. பை தோளை இழுக்கிறது. எதைக் குறைப்பது?

குறைப்பதற்கு முன்னால் இரண்டாகப் பிரித்துக்கொள் தங்கச்சி. உடம்போடு இருக்க வேண்டியது ஒன்று, பையில் இருக்க வேண்டியது ஒன்று. கூட்டமான பஸ்ஸில் பையை உட்கார்ந்திருப்பவர் மடியில் கொடுத்துவிட்டுத்தான் நிற்கிறோம். அதை வாங்க மறந்து இறங்கிவிட்டாலும் நீ வீடு வந்து சேர வேண்டும். அதற்கு வேண்டியவை போன், வீட்டுச் சாவி, கொஞ்சம் பணம், ஒரு சீட்டில் வீட்டு நம்பர். இந்த நான்கும் பைக்குள் போகவே கூடாது.

2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை. நல்ல விஷயம். ஆனால் அதனாலேயே பல பிள்ளைகள் கையில் காசே இல்லாமல் கிளம்புகிறார்கள். அந்த பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்து வருவது தனியார் பஸ்ஸாகவோ ஷேர் ஆட்டோவாகவோ இருக்கும். நூறு ரூபாயை நோட்டாகவும் சில்லறையாகவும் வைத்துக்கொள். சுடிதாரில் பாக்கெட் இல்லை என்பாய். தைக்கக் கொடுக்கும்போதே பக்கத் தையலில் உள் பாக்கெட் வைக்கச் சொல். அரை முழத் துணிகூட ஆகாது. ரெடிமேடு என்றால் அப்பத்தாமார் இடுப்பில் செருகும் சுருக்குப் பை இருக்கவே இருக்கிறது.

பையில் தண்ணீர், குடை, நோட்டு, சாப்பாடு போதும். வாரம் ஒருமுறை பையைக் கவிழ்த்துக் கொட்டிப் பார்.

பைக்கில் போகிறவன் நான். பர்ஸ் தடித்துவிட்டது, ஒரு பக்க இடுப்பு வலிக்கிறது. லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் ஒரிஜினலாக வைத்திருக்க வேண்டுமா?

வேண்டாம் தம்பி. டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகன் செயலியிலோ காட்டினால் ஒரிஜினலுக்குச் சமம் என்று மத்திய அரசு 2018-லேயே சொல்லிவிட்டது. கேலரியில் இருக்கும் போட்டோவைக் காட்டினால் செல்லாது, செயலியைத் திறந்துதான் காட்ட வேண்டும். ஆதார் அட்டையைத் தினமும் சுமக்காதீர்கள். பர்ஸில் ஒரு ஏ.டி.எம். அட்டை, கொஞ்சம் பணம் போதும். அதையும் பின் பாக்கெட்டிலிருந்து முன் பாக்கெட்டுக்கு மாற்றுங்கள். தடித்த பர்ஸ் மேல் ஒரு பக்கமாக உட்கார்ந்தால் இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பை அழுத்தும். மாற்றிய பிறகும் வலி நிற்காவிட்டால் டாக்டரைப் பாருங்கள்.

கானாடுகாத்தானில் பழைய வீடு. முகப்புக் கதவுச் சாவி ஒரு சாண் நீளம். நான் ஒருத்திதான் இருக்கிறேன், கடைக்குப் போனாலும் அதைத் தூக்கிக்கொண்டு போகிறேன். என்ன செய்யலாம்?

ஆச்சி, அந்தச் சாவியைத் தெருவுக்கே எடுத்து வராதீர்கள். பழைய பூட்டுகள் கையால் லீவர் வைத்துச் செய்தவை. கடைத்தெருவில் மெஷினில் வெட்டித் தரும் சாவி அதற்குப் பொருந்தாது. தொலைந்தால் பூட்டை உடைக்க வேண்டியதுதான், கதவு நிலையும் சேதமாகும். நம் வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறவை. முகப்பை உள்ளே தாழிட்டுவிட்டு, பின்கட்டு வாசல் கதவில், உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும் சாவியால் பூட்டுகிற நல்ல பூட்டு ஒன்று பதித்து அந்த வழியாகப் போய் வாருங்கள். சிறிய சாவி, சுருக்குப் பையில் அடங்கும்.

அந்தச் சிறிய சாவிக்கு மாற்றுச் சாவி ஒன்று பக்கத்து வீட்டுப் பங்காளியிடமோ நீங்கள் நம்பும் ஒருவரிடமோ இருக்கட்டும். தனியாக இருக்கிறீர்கள், உள்ளே மயக்கமாக விழுந்தால் யாராவது திறந்து வர வேண்டும். முகப்புக் கதவைத் தொடாமலே அவர்கள் பின்வாசல் வழியே வந்துவிடலாம். அதனால் வீட்டில் இருக்கும்போது பின்வாசலில் உள்தாழ் போடாதீர்கள், சாவியால் மட்டும் பூட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, சாவிக்கொத்தில் வீட்டு விலாசம் எழுதிய அட்டை கட்டிப் பலர் வைத்திருக்கிறார்கள். கண்டெடுத்தவருக்கு வீட்டையே திறந்து கொடுப்பது அது. எழுதியே ஆக வேண்டுமென்றால் மகனுடைய போன் நம்பர் மட்டும் போதும்.

10 ரூபாய் நாணயத்தைக் கடையில் வாங்க மறுக்கிறார்கள். வைத்திருப்பதா, வேண்டாமா?

தாராளமாக வைத்திருங்கள். இதுவரை வந்த எல்லா வடிவ 10 ரூபாய் நாணயமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி பலமுறை அறிவித்திருக்கிறது. 50 பைசாவும் செல்லும்.

போனில்தான் எல்லாமே இருக்கிறது. அது தொலைந்தால்?

இரண்டு நம்பரையாவது தாளில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். மனைவி நம்பர்கூட மனப்பாடம் இல்லாதவர்கள் நிறைய. இன்றே போனில் *#06# அழுத்தினால் அந்தப் போனுக்கே உரிய 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. அடையாள எண் வரும், அதை வீட்டில் எழுதி வையுங்கள். தொலைந்தால் முதலில் சிம்மை முடக்குங்கள், வங்கிக்குச் சொல்லுங்கள். போலீஸில் புகார் கொடுத்துவிட்டு, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் அந்த எண்ணைக் கொடுத்துப் போனை எந்த நெட்வொர்க்கிலும் வேலை செய்யாதபடி முடக்கலாம். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

ஹேண்ட்பேக்கை பீரோவில் பத்திரமாக வைத்திருந்தேன். ஊருக்கு வந்து எடுத்தால் தோல் உரிந்து கொட்டுகிறது. ஒட்ட முடியுமா?

முடியாது. தயவுசெய்து அதற்குப் பணம் செலவழிக்காதீர்கள். அது தோல் இல்லை, துணி மேல் பூசிய பாலியூரித்தேன். காற்றில் இருக்கும் ஈரமும் வெப்பமும் சேர்ந்து அந்தப் பூச்சை உள்ளுக்குள்ளேயே சிதைக்கும். பயன்படுத்தாமல் வைத்தாலும் சிதையும். மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீட்டு பீரோவில் இன்னும் சீக்கிரம். கல்யாணத்துக்கு வந்து இறங்குகிறவர்கள் பலர் இப்படித்தான் கையில் துகளோடு கடைக்கு வருகிறார்கள், பார்க்கவே வருத்தமாக இருக்கும்.

அடுத்தது வாங்கும்போது கித்தான் துணிப் பை வாங்குங்கள், அல்லது நிஜத் தோல். தோலில் பூஞ்சை பிடித்தால் காய்ந்த துணியால் துடைத்து நிழலில் காற்றாட வையுங்கள், வெயிலில் போட்டால் விறைத்துவிடும். வாங்கும் முன் வாரும் பையும் சேரும் இடத்தைப் பாருங்கள். நாலு பக்கமும் தைத்து நடுவில் குறுக்குத் தையல் இருந்தால் பாரம் தாங்கும்.

ஜிப் மூடிய பின்னும் பின்னாலேயே வாய் பிளக்கிறதா? முழு ஜிப்பையும் மாற்றச் சொல்லாதீர்கள். ஜிப்பை இழுத்து மூடும் ரன்னர் தளர்ந்திருக்கிறது. குறட்டால் அதன் இரு பக்கத்தையும் மெதுவாக அழுத்துங்கள், திரும்பவும் பிளந்தால் ரன்னரை மட்டும் மாற்றினால் போதும். இறுகிப்போன ஜிப்புக்கு மெழுகுவர்த்தியைத் தேயுங்கள்.

அப்பாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். தேவகோட்டைக்கும் இங்குமாக அலைகிறார்.

மருந்து விஷயத்தில் டாக்டர் சொல்வதுதான் முடிவு. வைக்கும் இடத்தைப் பற்றி நான் சொல்லலாம்: பைக் சீட்டுக்கு அடியில் உள்ள பெட்டியில் இன்சுலின் வேண்டவே வேண்டாம். நம் ஊர்க் கோடையில் அங்கே கொதிக்கும், 30 டிகிரிக்கு மேல் போனால் மருந்து வீரியம் இழக்கும். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். சர்க்கரை இறங்கிக் கை நடுங்கினால் 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டி, சாப்பிட்டுவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். மருந்துப் பெயர்கள் எழுதிய சீட்டு பர்ஸில் முன்பக்கமாக இருக்கட்டும்.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு முதல்முறை நடக்கப் போகிறேன்.

துணிமணி சாமான் வண்டியில் போகட்டும். முதுகில் சிறிய பை, வார் இரண்டு விரல் அகலத்துக்குக் குறையாமல். பையின் பின்புறம் ஒளிரும் பட்டை ஒட்டுங்கள். விடியுமுன் இருட்டில் ரோட்டோரம் நடக்கிறோம், பின்னால் வரும் லாரிக்குத் தெரிய வேண்டும். கூடவே சிறிய டார்ச், பிளாஸ்திரி, தொடை உராய்வுக்குத் தேங்காய் எண்ணெய். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைப் பாதிப் பாதியாகக் கரைக்காதீர்கள், உறையில் போட்ட அளவு தண்ணீரில் முழுவதையும் கலக்க வேண்டும்.

சிங்கப்பூரில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகிறேன். பவர் பேங்க், வெற்றிலைப் பெட்டி கொண்டுபோகலாமா?

பவர் பேங்க் கைப்பையில் மட்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. 20,000 எம்.ஏ.எச். என்றால் 74 வாட்-ஹவர், பொதுவான வரம்பு 100, ஆகவே அளவில் பிரச்சினை இல்லை. வெற்றிலைப் பெட்டியிலிருந்து புகையிலையை எடுத்துவிடுங்கள் ஐயா. மெல்லும் புகையிலை அங்கே தடை செய்யப்பட்டது, சூயிங்கமும் கொண்டுபோக முடியாது. பெட்டியின் மூலையில் ஒட்டியிருக்கும் துகளையும் தட்டி, ஈரத் துணியால் துடைத்துவிட்டு எடுத்து வையுங்கள்.