கிட்டே வராத வான்கோழி

கேள்வி: பென்சில்வேனியாவில் வசந்தகால வான்கோழி வேட்டைக்குப் போகிறேன். விடியற்காலையில் பெட்டை மாதிரி கூப்பிட்டால் சேவல் பதில் குரல் கொடுக்கிறது, ஆனால் குண்டு எட்டாத தூரத்திலேயே நின்றுவிடுகிறது. எனக்கு வெறுத்துவிட்டது. எழுந்து அதை நோக்கிப் போகலாமா?

பதில்: போகவே போகாதீர்கள். அங்கே வசந்தகாலத்தில் வான்கோழியைப் பதுங்கித் தொடர்வது சட்டப்படி தடை, தவிர நீங்கள் கேட்கும் குரல் இன்னொரு வேட்டைக்காரர் எழுப்புவதாகவும் இருக்கலாம், உயிர் போகிற விஷயம். உங்கள் எரிச்சல் புரிகிறது. ஆனால் இயல்பில் சேவல் நின்ற இடத்தில் தோகை விரித்துக் கூவும், பெட்டைதான் அதைத் தேடிப் போகும். நீங்கள் பெட்டை மாதிரி கூப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் அது 'நீ வா' என்றுதானே காத்திருக்கும்? அதனால் கூப்பிடுவதைக் குறையுங்கள். பெட்டைகள் கூடவே இருந்தால் சேவல் காலையில் வராது. அவை கூட்டுக்குப் போனபிறகு, 9, 10 மணிக்கு மேல், தனியாகிவிட்ட சேவல் பல சமயம் சத்தமே போடாமல் வந்து நிற்கும். நிறைய பேர் அதற்குள் கிளம்பிவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். அப்புறம், அதற்குக் கண் பார்வை அபாரம், கொசு கடித்தாலும் கையை அசைக்காதீர்கள். உங்கள் தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள், பின்னாலிருந்து யாராவது தவறிச் சுட்டாலும் அது காப்பாற்றும்.