ஆர்.ரி. என்னும் இரண்டு எழுத்துகள்: வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வன்னியிலிருந்து வந்த கடிதங்களுள் நான்கு, வெவ்வேறு தேவைகளுக்காக எழுதப்பட்டிருந்தாலும், டி.என்.ஏ.யைப் பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். பரிசோதனையின் பெயர்களில் உள்ள ஒரே குழப்பத்தையே தொடுகின்றன. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியுள்ளோம்.

கேள்வி: ஆர்.ரி. பி.சி.ஆர். என்பதற்கு எனது பாடக்குறிப்பொன்றில் ‘ரிவேர்ஸ் டிரான்ஸ்கிரிப்ஷன்’ என்றும், இன்னொன்றில் ‘ரியல் டைம்’ என்றும் விரிவு தரப்பட்டுள்ளது. எதை எழுதுவது? கியூ.பி.சி.ஆர். என்பது வேறொன்றா?
(மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பம் பயிலும் மாணவி, கிளிநொச்சி)

பதில்: இரண்டு விரிவுகளும் வழக்கில் உள்ளவைதான், ஆயினும் அவை ஒரே வேலைக்கு வைத்த இரண்டு பெயர்கள் அல்ல. முதலாவது, குழாய்க்குள் நாம் இடும் மூலப்பொருள் எது என்பதைப் பற்றியது. இரண்டாவது, பெருக்கத்தை நாம் எப்போது பார்க்கிறோம் என்பதைப் பற்றியது. இந்த வேறுபாடு மனதில் பதிந்துவிட்டால் எஞ்சிய பெயர்கள் தாமாகவே தெளிவாகும்.

1983இல் அமெரிக்கரான கரி மலிஸ் கண்ட பொலிமரேஸ் சங்கிலித் தாக்கத்தில் (பி.சி.ஆர்.), சிறுவிரல் நகத்தளவு அகலம்கூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் குழாய் ஏறத்தாழ 95 பாகை செல்சியசுக்குச் சூடாக்கப்படுகையில் டி.என்.ஏ.யின் இரு இழைகளும் பிரிகின்றன. 50 முதல் 65 பாகைக்குள் பிரைமர்கள் எனப்படும் குறுந்துண்டுகள் தமக்குரிய இடங்களில் பொருந்துகின்றன. 72 பாகையில் நொதியம் புதிய இழையைக் கட்டுகிறது. இந்த நொதியம் யெலோஸ்டோன் வெந்நீர் ஊற்றொன்றில் கண்டறியப்பட்ட தேர்மஸ் அக்குவாட்டிகஸ் என்னும் பற்றீரியாவிலிருந்து வந்தது. அதனால்தான் கொதிநிலையை அண்மிய சூட்டிலும் அது கெடுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் தொகை இரட்டிப்பதால், குறையின்றி நடந்தால் ஒரே மூலக்கூறு 30 சுற்றுகளில் நூறு கோடியைத் தாண்டிவிடும்.

டெங்கு வைரசைப் போன்றவற்றிடம் டி.என்.ஏ. இல்லை, அதையொத்த இன்னொரு மரபுப்பொருளான ஆர்.என்.ஏ.தான் உண்டு; அதை இந்த நொதியத்தால் நேரடியாகப் பெருக்க முடியாது. எனவே முதலில் ஆர்.என்.ஏ.யைப் பார்த்து டி.என்.ஏ.யை எழுதும் இன்னொரு நொதியம் வேண்டும். 1970இல் ஹவார்ட் டெமினும் டேவிட் பால்ட்டிமோரும் தனித்தனியே கண்டறிந்த நொதியம் அதுதான். உயிர்க்கலத்தில் வழமையாக டி.என்.ஏ.யிலிருந்து ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படுவதால், திசை மாறிய இச்செயல் பின்னோக்குப் படியெடுத்தல், அதாவது ரிவேர்ஸ் டிரான்ஸ்கிரிப்ஷன், என்ற பெயரைப் பெற்றது.

இனி ‘ரியல் டைம்’ என்பதற்கு வருவோம். வவுனிக்குளம் வான் பாய்ந்த பின்னர் ஒருவர் அணைக்கட்டில் போய் நின்றால், குளம் நிறைந்துவிட்டது என்று மட்டுமே அவரால் சொல்ல முடியும். கோடை முடிவில் குளத்தில் எவ்வளவு தண்ணீர் எஞ்சியிருந்தது என்று அவரைக் கேட்டுப் பயனில்லை. மாரி தொடங்கியதிலிருந்து நாள்தோறும் அளவுகோலை வாசித்துக் கொப்பியில் எழுதிவந்தவரோ, ஒரு குறித்த அடியைத் தண்ணீர் எத்தனையாம் நாளில் தொட்டது என்பதைக்கொண்டு, அதே மழையில் எந்தக் குளம் கூடுதல் தண்ணீரோடு தொடங்கியது என்று கணித்துவிடுவார். சுற்றுகள் எல்லாம் முடிந்த பின் மாதிரியை, டி.என்.ஏ. துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் அகரோஸ் ஜெல்லில் ஓடவிட்டு, புறவூதா ஒளியில் ஒளிரும் பட்டையைத் தேடும் பழைய முறை முதலாமவருடையது. 1990களின் தொடக்கத்தில் ரசல் ஹிகுச்சியும் அவருடைய குழுவினரும் ஒளிரும் சாயத்தைக் குழாய்க்குள்ளேயே இட்டு, கமராவால் சுற்றுக்குச் சுற்று பார்த்த முறை இரண்டாமவருடையது. ஒளி குறித்த கோட்டைக் கடக்கும் சுற்றின் இலக்கத்தைத்தான் அறிக்கையில் சி.ரி. பெறுமானம் என்று காண்கிறீர்கள். ஒரு மாதிரி 20ஆம் சுற்றிலும் மற்றது 30ஆம் சுற்றிலும் கடந்தால், முதலாவதில் தொடக்கத்தில் இருந்தது ஏறத்தாழ ஆயிரம் மடங்கு அதிகம். அளவை இவ்வாறு அறிய முடிவதால் இம்முறை அளவறி பி.சி.ஆர்., அதாவது கியூ.பி.சி.ஆர்., எனப்படுகிறது.

ஸ்டீபன் பஸ்டினும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட, இத்தகைய ஆய்வுகளை அறிக்கையிடும் முறையைக் கூறும் எம்.ஐ.கியூ.ஈ. வழிகாட்டல், ஆர்.ரி. என்பதைப் பின்னோக்குப் படியெடுத்தலுக்கு மட்டுமே வைத்துக்கொள்ளுமாறும், நிகழ்நேர (ரியல் டைம்) முறையைக் கியூ.பி.சி.ஆர். என்று எழுதுமாறும், இரண்டும் சேர்ந்தால் ஆர்.ரி. கியூ.பி.சி.ஆர். என்று எழுதுமாறும் கேட்டுக்கொண்டது. சி.ரி. முதலிய பல பெயர்களுக்கு ஈடாக சி.கியூ. என்ற ஒரே பெயரையும் அது முன்வைத்தது. பெயருக்கு முதல் உரிமை பின்னோக்குப் படியெடுத்தலுக்கே உரியது. நிகழ்நேர முறை பிறப்பதற்கு முன்பே, 1980களின் இறுதியில், அது புழக்கத்துக்கு வந்துவிட்டது. ஆகவே நீங்கள் அந்த வழிகாட்டலையே பின்பற்றுங்கள். விடைத்தாளிலும் எழுத்துகளை மட்டும் எழுதி நிறுத்தாமல், முழுப் பெயரை ஒருமுறையாவது எழுதிவிடுங்கள்.

கேள்வி: எனக்குக் காய்ச்சல் வந்து பத்தாம் நாள் எலிக்காய்ச்சலுக்கு எடுத்த பரிசோதனையில் ‘பி.சி.ஆர். நெகற்றிவ்’ என்று வந்தது. மகனுக்கு டெங்குக்கு ‘ஆர்.ரி. பி.சி.ஆர்.’ செய்தார்கள். எனக்குச் செய்தது தரம் குறைந்த பரிசோதனையா?
(நெற்செய்கையாளர், முத்தையன்கட்டு)

பதில்: இல்லை, ஐயா. எலிக்காய்ச்சலைத் தரும் லெப்டோஸ்பைரா ஒரு பற்றீரியா; அதனிடம் டி.என்.ஏ. இருப்பதால் பின்னோக்குப் படியெடுத்தல் தேவைப்படுவதில்லை. டெங்கு ஆர்.என்.ஏ. வைரஸ், ஆதலால் தேவைப்படுகிறது. எழுத்துக் கூடியதால் தரம் கூடிவிடாது. எலிக்காய்ச்சல் அறிக்கையொன்றில் ஆர்.ரி. என்று அச்சிட்டிருந்தால், பெரும்பாலும் அது ரியல் டைம் என்ற பொருளில் எழுதப்பட்டதாகவே இருக்கும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது பெயரையல்ல, நாளைத்தான். இந்தப் பற்றீரியா இரத்தத்தில் பெரிதும் முதல் வாரத்தில்தான் காணப்படும். அதற்குப் பின், அதுவும் நுண்ணுயிர்கொல்லி மருந்து தொடங்கிய பின், இரத்த மாதிரியில் நெகற்றிவ் என்று வருவது நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது. அந்நிலையில், கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் பிறபொருளெதிரியைத் தேடும் பரிசோதனையே கூடுதல் பயன் தரும். காய்ச்சல் தொடங்கிய திகதியையும், அந்நாட்களில் வயலில் இறங்கி வேலைசெய்தீர்களா என்பதையும் மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

கேள்வி: இவற்றுக்கு நல்ல தமிழ்ச் சொற்கள் எவை?
(ஆசிரியர், வவுனியா)

பதில்: சொற்கள் உண்டு, குழப்பம் அவற்றைக் கையாளும் விதத்தில்தான் உண்டாகிறது. ‘பிரதியெடுத்தல்’ என்ற ஒரே சொல்லை டி.என்.ஏ. இரட்டிப்பதற்கும், டி.என்.ஏ.யிலிருந்து ஆர்.என்.ஏ. உருவாவதற்கும், குழாய்க்குள் பெருகுவதற்கும் எழுதிவிடுகிறோம். முறையே இரட்டித்தல், படியெடுத்தல், பெருக்கம் என மூன்றாகப் பிரித்து எழுதினால் மாணவர் தடுமாறமாட்டார்கள். ‘நிகழ்நேரம்’ என்பதைச் செய்தித்தாள்கள் சில வேளைகளில் ‘உடனடி’ என்று எழுதுவது தவறு. பெருக்கம் நிகழும்போதே பார்க்கப்படுகிறது என்பதே அதன் பொருள். முடிவு கைக்குக் கிடைக்கும் நேரத்துக்கும் அப்பெயருக்கும் தொடர்பில்லை. கிருமியின் புரதத்தைத் தேடி, சில நிமிடங்களில் கோடு காட்டும் அன்ரிஜன் பரிசோதனையில் பெருக்கமே நடைபெறுவதில்லை.

கேள்வி: கொக்குத்தொடுவாயில் 2023இல் மனித எச்சங்கள் வெளிப்பட்ட நாள் முதல் ‘டி.என்.ஏ. பரிசோதனை’ என்ற சொல் எங்கள் வீட்டில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. என் தம்பியை நாங்கள் இன்னும் தேடுகிறோம். அந்தப் பரிசோதனையும் பி.சி.ஆர்.தானா? என் உமிழ்நீரைக் கொடுத்தால் போதுமா?
(ஒரு தமக்கை, முல்லைத்தீவு)

பதில்: சகோதரி, டி.என்.ஏ. பரிசோதனை என்பது பல படிகளைக் கொண்ட வேலை, பி.சி.ஆர். அதன் நடுவில் வருவது. எலும்பை அல்லது பல்லைத் தூளாக்கிப் பிரித்தெடுத்த சாற்றில் மனித டி.என்.ஏ. எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பது முதலில் கியூ.பி.சி.ஆர். மூலம் அளக்கப்படும். பின்னர், டி.என்.ஏ. தொடரின் சில எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் எஸ்.ரி.ஆர். இடங்கள் பல, ஒரே குழாயில் ஒருங்கே பெருக்கப்படும். இதற்குப் பன்மடி பி.சி.ஆர். என்று பெயர். ஆர்.என்.ஏ.க்கு இங்கே இடமில்லாததால் ஆர்.ரி. என்ற எழுத்துகளும் இங்கே வருவதில்லை. ஈரத்திலும் வெப்பத்திலும் நெடுங்காலம் கிடந்த எலும்பில் டி.என்.ஏ. துண்டு துண்டாகியிருக்கும். இருப்பதைப் பெருக்கலாமே தவிர, அறுந்துபோனதைப் பி.சி.ஆரால் ஒட்டித் தர முடியாது. கையுறையின்றித் தொட்டவரின் டி.என்.ஏ.யும் அதனோடு சேர்ந்தே பெருகிவிடும் என்பதால், எச்சங்களை எடுக்கும் முறையே முடிவின் பாதியைத் தீர்மானிக்கிறது.

உங்கள் மாதிரி பயன்படும். தாயிடமிருந்து மட்டுமே வரும் இழைமணி டி.என்.ஏ. ஒரே தாயின் பிள்ளைகளுக்குப் பொதுவானது, எலும்பில் அது எண்ணிக்கையில் மிகுதியாக இருப்பதால் தப்பிப் பிழைக்கும் வாய்ப்பும் கூடுதல். ஆனால் அதே தாய்வழியில் வந்த மற்றவர்களுக்கும் அது ஒன்றாகவே இருக்கும் என்பதால், தனியொருவரை உறுதிசெய்ய அது மட்டும் போதாது. ஒவ்வோர் எஸ்.ரி.ஆர். இடத்திலும் ஒரு பாதி தாயிடமிருந்தும் மறுபாதி தந்தையிடமிருந்தும் வருகிறது. ஆகவே பெற்றோர் இருவரின் மாதிரிகளும் இருந்தால் ஒப்பீடு மிக உறுதியாகும். அம்மாவும் அப்பாவும் இருக்கிறார்கள் என்றால், மாதிரி பெறப்படும்போது உங்களுடையதற்கு முன்பாக அவர்களுடையதைக் கொடுக்கச் செய்யுங்கள்.