மாநிலச் சட்டம் மாறினால் உங்கள் இன்சூரன்ஸ் மாறுமா? டெக்சாஸிலிருந்து ஒரு கேள்வி பதில்

டெக்சாஸில் ஒரு கம்பெனியின் ஹெச்.ஆர். பிரிவில், ஊழியர்களின் மெடிக்கல் இன்சூரன்ஸைக் கவனிப்பதுதான் பதினான்கு வருடமாக என் வேலை. அமெரிக்க மாநிலச் சட்டமன்றங்களில் வருஷா வருஷம் வரும் இன்சூரன்ஸ் மசோதாக்களைப் பற்றிக் கேளுங்கள் என்றேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் வக்கீல் இல்லை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டல்லாஸ்: அக்கா, டாக்டர் எழுதிய எம்.ஆர்.ஐ.க்கு அப்ரூவல் வர மூன்று வாரம் ஆனது. இங்கேதான் ப்ரையர் ஆதரைசேஷனுக்கு, அதாவது சிகிச்சைக்கு முன்பே இன்சூரன்ஸிடம் அனுமதி வாங்குவதற்கு, சட்டம் போட்டாச்சே, எனக்கு ஏன் உதவவில்லை?

முதலில் பர்ஸில் இருக்கும் இன்சூரன்ஸ் கார்டை எடுங்கள். அதில் எங்காவது சின்ன எழுத்தில் டி.டி.ஐ. அல்லது டி.ஓ.ஐ. என்று அச்சாகியிருக்கிறதா? இருந்தால் உங்கள் பிளான் டெக்சாஸ் இன்சூரன்ஸ் துறைக்குக் கட்டுப்பட்டது. இல்லையென்றால் அநேகமாக அது செல்ஃப் ஃபண்டட், அதாவது க்ளெய்ம் பணத்தை உங்கள் கம்பெனியே தன் கையிலிருந்து கட்டுகிறது. கார்டில் பெரிய இன்சூரன்ஸ் கம்பெனியின் லோகோ இருக்கிறதே என்பீர்கள். அவர்கள் அங்கே கணக்குப்பிள்ளை வேலைதான் பார்க்கிறார்கள். இந்த மாதிரி பிளான்களை மாநில இன்சூரன்ஸ் சட்டம் தொட முடியாது, 1974-இல் வந்த எரிசா என்ற மத்தியச் சட்டம் குறுக்கே நிற்கிறது. வேலை மூலம் காப்பீடு பெறும் ஊழியர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் இந்த வகைதான். பெரிய ஐ.டி. கம்பெனி என்றால் நீங்களும் அதில் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

நீங்கள் சொல்லும் சட்டம் 2021-இல் நிறைவேறிய எச்.பி. 3459, ‘கோல்டு கார்டு’ சட்டம் என்பார்கள். ஒரு டாக்டர் ஒரு சிகிச்சைக்குக் கேட்ட அனுமதிகளில் 90 சதவீதம் கிடைத்திருந்தால், அதற்கு அப்புறம் அந்தச் சிகிச்சைக்கு அவர் அனுமதியே கேட்க வேண்டாம். யோசனை அருமை. ஆனால் ஒவ்வொரு சிகிச்சைக்கும், ஒவ்வொரு இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தனித்தனியாக இந்தக் கணக்கைப் பார்ப்பதால், தகுதி பெற்ற டாக்டர்கள் ரொம்பக் குறைவு.

சான் ஹோசே: கலிபோர்னியாவில் ஐ.வி.எஃப். (சோதனைக் குழாய்க் குழந்தை) சிகிச்சைக்கு இன்சூரன்ஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டதாம். எங்கள் ஹெச்.ஆர். இல்லை என்கிறார்கள். பொய் சொல்கிறார்களா?

பொய்யாக இருக்காதும்மா. எஸ்.பி. 729 என்பது அந்தச் சட்டம். முதலில் 2025 ஜூலை என்றார்கள், அப்புறம் 2026 ஜனவரிக்குத் தள்ளினார்கள். கருமுட்டை எடுப்பது மூன்று முறை வரை அதில் அடங்கும். ஆனால் 100 பேருக்கு மேற்பட்ட கம்பெனிகள் இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் விலைக்கு வாங்கும் ‘ஃபுல்லி இன்ஷூர்ட்’ பிளான்களுக்குத்தான் அது கட்டாயம். உங்களுடையது செல்ஃப் ஃபண்டட் என்றால் பழைய கதைதான். “நம் பிளான் ஃபுல்லி இன்ஷூர்டா, செல்ஃப் ஃபண்டடா?” என்று ஹெச்.ஆருக்கு ஒரே வரி மெயில் போடுங்கள். செல்ஃப் ஃபண்டட் என்று பதில் வந்தாலும் விடாதீர்கள், ஐ.வி.எஃப். சேர்ப்பது கம்பெனியின் இஷ்டம்தான், ஊழியர்கள் கேட்டுச் சேர்த்த இடங்கள் உண்டு.

சின்னக் கம்பெனிகளை ஏன் விட்டுவிட்டார்கள் என்று இன்னொருவர் கேட்டிருந்தார். ஒபாமா காலத்துச் சட்டப்படி, தனிநபர் பிளானிலும் சிறு கம்பெனி பிளானிலும் அடிப்படைப் பலன்களுக்கு மேல் மாநிலம் ஒன்றைக் கட்டாயமாக்கினால், பொதுவாக அந்தச் செலவு மாநில கஜானா தலையில் விழும். அதனால்தான் மசோதாவில் பெரிய கம்பெனிகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

சியாட்டில்: ஏ.ஐ. வைத்து க்ளெய்மை மறுப்பதைத் தடை செய்துவிட்டார்களா?

கலிபோர்னியாவில் எஸ்.பி. 1120, 2025 ஜனவரி முதல் அமலில் இருக்கிறது. மருத்துவ ரீதியாகத் தேவையில்லை என்று முடிவு செய்ய வேண்டியது தகுதியுள்ள டாக்டரோ மருத்துவ நிபுணரோதான், மென்பொருள் தானாக மறுக்கக் கூடாது. ஏ.ஐ.யையே பயன்படுத்தக் கூடாது என்று அதில் இல்லை. அந்த டாக்டர் ஒரு கோப்புக்கு எத்தனை நிமிடம் செலவழிக்கிறார் என்பதுதான் என் கவலை.

நியூ ஜெர்சி: ஊரிலிருந்து அப்பா அம்மா ஆறு மாதம் வருகிறார்கள். விசிட்டர் இன்சூரன்ஸுக்கு இந்தச் சட்டங்கள் பாதுகாப்பு தருமா?

நம்பாதீர்கள். அது பயணக் காப்பீடு, பழைய சர்க்கரை, பிரஷர் எல்லாவற்றையும் ஒதுக்கிவைக்க அதற்கு உரிமை உண்டு. ‘அக்யூட் ஆன்செட்’ (பழைய நோய் திடீரென்று முற்றுவது) என்ற பத்தியை வரி விடாமல் படியுங்கள், சண்டை எல்லாம் அங்கேதான் வரும். கிரீன் கார்டில் வந்த பெற்றோர் என்றால் வேறு வழி உண்டு: 65 வயதாகி, இங்கே தொடர்ந்து ஐந்து வருடம் இருந்திருந்தால் பிரீமியம் கட்டி மெடிகேரில், அதாவது முதியோருக்கான அரசு இன்சூரன்ஸில், சேரலாம்.

ஹூஸ்டன்: சரி அக்கா, செல்ஃப் ஃபண்டட் என்றால் எங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லையா?

இருக்கிறது, அது மத்தியச் சட்டத்திலிருந்து வருகிறது. க்ளெய்மை மறுத்தால் 180 நாளுக்குள் அப்பீல் செய்யலாம். அதிலும் மறுத்தால், அது மருத்துவக் காரணம் சொல்லி மறுத்ததாக இருந்தால், நான்கு மாதத்துக்குள் வெளியாள் ஒருவரின் பரிசீலனை கேட்கலாம். அந்த முடிவுக்கு உங்கள் பிளான் கட்டுப்பட்டே ஆக வேண்டும். என் மகளின் முழங்கால் பிசியோதெரபியைப் பன்னிரண்டு தடவையோடு நிறுத்தினார்கள். இந்த உரிமையைப் பற்றிய பத்தி, மறுப்புக் கடிதத்தின் நான்காவது பக்கத்தில், பதினைந்து மொழிகளில் ‘உதவிக்கு அழையுங்கள்’ என்று போட்டிருந்ததற்குக் கீழே ஒளிந்திருந்தது. இந்த வேலையிலேயே இருக்கும் எனக்கே அதைக் கண்டுபிடிக்க இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது. டாக்டரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்கி, நடைப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் சேர்த்து அனுப்பினோம். உள் அப்பீலிலேயே கொடுத்துவிட்டார்கள்.

ஆஸ்டின்: நான் ஹெச்1பி வேலை விசாவில் இருக்கிறேன். மசோதா பற்றி எம்.எல்.ஏ.விடம் பேச முடியுமா, ஓட்டு இல்லையே?

தாராளமாக. நீங்கள் அவர் தொகுதியில் குடியிருப்பவர், எழுத அது போதும். ஆனால் நேரம் பார்த்து எழுதுங்கள். டெக்சாஸ் சட்டமன்றம் ஒற்றைப்படை வருடத்தில் ஜனவரியில் கூடி 140 நாளில் கலைந்துவிடும், நடுவில் கவர்னர் சிறப்புக் கூட்டம் கூட்டினால்தான் உண்டு. மே மாதம் கமிட்டியில் தூங்கிப்போன மசோதாவைப் பெரும்பாலும் இரண்டு வருடம் கழித்துத்தான் எழுப்ப முடியும். அதனால் பிப்ரவரி, மார்ச்சிலேயே எழுதுங்கள், உங்கள் மறுப்புக் கடிதத்தின் நகலையும் சேர்த்து.