செடி வளர்க்கும் மீன்தொட்டியின் பின்புறத்துக்குக் கறுப்பா, வெள்ளையா, படம் போட்ட தாளா?

இரண்டடித் தொட்டி, உள்ளே ரோட்டாலா, வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடிகள், பின்புறக் கண்ணாடியில் என்ன ஒட்டலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். என் வோட்டு மங்கலான கறுப்புக்குத்தான். ரோட்டாலாவின் சிவப்பு அதன் முன்னால்தான் எடுப்பாகத் தெரியும்; ஃபில்டர் குழாயும் ஹீட்டரும் கண்ணில் படாது. பாறைகளும் குட்டைச் செடிகளும் மட்டுமென்றால் பனி படிந்ததுபோன்ற வெள்ளை ஸ்டிக்கர் ஆழம் காட்டும், ஆனால் கண்ணாடியில் பாசிப்புள்ளி ஒவ்வொன்றும் தெரியும். பவளப்பாறைப் படம் வேண்டவே வேண்டாம், செடிகளோடு அது சண்டை போடும்.

ஒட்டுவது வெளிப்பக்கத்தில், தண்ணீர் நிரப்பும் முன். கண்ணாடியை நன்றாகத் துடையுங்கள். ஸ்டிக்கரை நாலு பக்கமும் ஓர் அங்குலம் கூடுதலாக வெட்டுங்கள். அரை லிட்டர் தண்ணீரில் 2 சொட்டு பாத்திர சோப்பு கலந்து கண்ணாடி முழுக்கத் தெளித்து, ஸ்டிக்கரை வைத்து, பழைய ஏடிஎம் கார்டால் உள்ளே நிற்கும் தண்ணீரையும் காற்றையும் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுங்கள். ஓரத்தை பிளேடால் நறுக்கலாம்.

வெறும் செலோடேப்பில் தாளைத் தொங்கவிட்டால் இடையில் காற்று நிற்கும். கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும். கசிந்த நீர் புகுந்த இடம் மட்டும் திட்டுத்திட்டாகக் கறுக்கும்.

தொட்டி ஏற்கெனவே நிரம்பி, சுவரை ஒட்டி நிற்கிறதா? கறுப்பு சன்பேக் ஷீட்டை (விளம்பரப் பலகைக்குப் பயன்படும் பிளாஸ்டிக் அட்டை) பின்னால் செருகுங்கள், அது ஈரத்தில் ஊறாது.