மருத்துவர் பதில்: படிப்பை நிறுத்திவிடலாமா?

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டம் என் ஊர். வயது 26. ஹட்டனில் போர்டிங்கில் தங்கி, ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்துகொண்டே பட்டயக் கணக்காளர் பரீட்சைக்குப் படிக்கிறேன். அம்மா இன்னும் கொழுந்து பறிக்கிறார். எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) உயர்தரம் சித்தியடைந்த முதல் பெண் நான்தான். மூன்று மாதமாக விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது; நெஞ்சு படபடக்கிறது. படித்த பக்கத்தையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன், மனதில் நிற்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. சில இரவுகளில், அப்படியே உறங்கி எழும்பாமல் போனால் நல்லது என்று தோன்றுகிறது. வீட்டில் கண்ணூறு என்று சொல்லிக் கோயிலில் கயிறு கட்டிவிட்டார்கள். மாத்திரை எடுத்தால் அதற்கே அடிமையாகி மந்தமாகிவிடுவேனோ என்று பயம். ஆசையைக் குறைத்துக்கொண்டு படிப்பை நிறுத்திவிடலாமா?

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

படிப்பைப் பற்றிப் பிறகு பேசுவோம். உறங்கி எழும்பாமல் போனால் நல்லது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திவைத்தது அந்த வரிதான். இந்த எண்ணத்தை இன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். போர்டிங்கில் கூட இருக்கும் அக்காவாக இருக்கலாம், பாடசாலைத் தோழியாக இருக்கலாம். யாரும் அகப்படாவிட்டால் 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். தோன்றி மறைகிற எண்ணமாக இருப்பது, எப்படி, எப்போது என்று திட்டமாக மாறுகிறதென்றால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். யாரையாவது துணைக்கு எழுப்பிக்கொண்டு அருகிலுள்ள வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகளைச் சேர்த்துப் பார்த்தால் மனச்சோர்வு நோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலே நாங்கள் கவனிக்கத் தொடங்குவோம். உங்களுக்கு மூன்று மாதம் கடந்துவிட்டது. விடியலுக்கு வெகு முன்பே விழிப்பு வருவதும், பசி குறைவதும், படித்தது மனதில் தங்காததும் இந்த நோயின் அடையாளங்கள். ஆகவே உங்கள் மூளைக்குத் திறமை போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். காய்ச்சலில் கிடப்பவரால் மலை ஏற முடியாதுதான். அதை வைத்து அவருக்குக் காலே இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

நேரில் பார்க்காமல் நோயை உறுதிசெய்ய முடியாது. டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ போய், வெளிநோயாளர் பிரிவில் மனநல கிளினிக் எந்த நாளில் நடக்கிறது என்று கேளுங்கள். அரச வைத்தியசாலை என்பதால் கட்டணம் கிடையாது. இரத்தச்சோகையையும் தைரொயிட்டையும் கூடவே சோதிக்கச் சொல்லுங்கள். மலையகப் பெண்களிடம் இரத்தச்சோகை பரவலாக இருக்கிறது; களைப்பையும் படபடப்பையும் அது தனியாகவே கொண்டுவரும். கிளினிக்கில் சொல்வதை உங்கள் அனுமதியில்லாமல் மருத்துவர் அலுவலகத்துக்குச் சொல்லக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்ற நிலை வந்தால் மட்டும் வீட்டாரை அழைப்போம்.

மாத்திரை பற்றிய பயத்தைப் பலரிடம் பார்க்கிறேன். இரண்டு வகை மாத்திரைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருகிற பயம் இது. டயஸிபாம் போன்ற உறக்க மாத்திரைகளைத் தொடர்ந்து எடுத்தால் பழக்கமாகிவிடும், மந்தமும் வரும். அவற்றை நீங்களாக மருந்துக்கடையில் கேட்டு வாங்காதீர்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃபுளுவொக்ஸிடின், செர்ட்ரலின் போன்றவை வேறு வகை. அவை அளவு கூட்டச் சொல்லி ஏங்க வைப்பதில்லை. முதல் வாரம் குமட்டலோ தலைவலியோ இருக்கலாம். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். பலர் அதற்குள், வேலை செய்யவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். ஆரம்ப நாட்களில் பதற்றம் கூடினால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். நன்றாகிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும்; நிறுத்துவதும் மருத்துவர் சொல்லும்படி படிப்படியாகத்தான். நோய் லேசாக இருந்தால் மாத்திரை இல்லாமல் பேச்சுச் சிகிச்சை மட்டுமே போதுமானதாகவும் இருக்கலாம். அதை உங்களை நேரில் பார்க்கும் மருத்துவர் முடிவுசெய்வார்.

இனி படிப்பு. இப்போது எந்த முடிவும் எடுக்காதீர்கள். மனச்சோர்வு இருக்கும்போது எல்லாக் கதவும் அடைத்திருப்பதாகத்தான் தோன்றும். வேலையை விடுவது, படிப்பை நிறுத்துவது, கல்யாணத்துக்குச் சம்மதிப்பது எதையும் அந்த நேரத்தில் தீர்மானிக்கக் கூடாது. வருகிற தவணைப் பரீட்சையை மட்டும் தள்ளிப்போடுங்கள். பாடங்களைப் பிரித்துப் பிரித்து எழுதி முடித்த கணக்காளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இரவு எத்தனை மணிவரை படிக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பதினொரு மணிக்குப் புத்தகத்தை மூடிவிடுங்கள், மாலை நான்குக்குப் பிறகு பிளேன்டீ வேண்டாம். படித்ததை மூளை பதித்து வைப்பது உறக்கத்தில்தான். உறக்கத்தைக் குறைத்துப் படிக்கும் மணித்தியாலங்களில் பாதி வீண்.

ஆசையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, அந்தச் சிக்கல் சட்டப்படி முழுதாகத் தீர 2003 வரை காத்திருந்த சமூகம் நம்முடையது. ஒரு பிள்ளை மேலே வந்தால் லயமே நிமிர்ந்து பார்ப்பது அதனால்தான். அந்தப் பார்வையில் அன்பு இருக்கிறது, சுமையும் இருக்கிறது. தோற்றால் எல்லோரையும் தோற்கடித்ததாகிவிடும் என்று நீங்கள் நினைப்பதாக எனக்குப் படுகிறது. பெற்ற தாய் அப்படிக் கணக்குப் பார்க்கமாட்டார். வெயிலிலும் மழையிலும் மலையில் நிற்பவருக்குக் களைப்பு என்றால் என்னவென்று நன்றாகவே தெரியும். நீங்கள் அவரிடம் சொன்னதில்லை, அவ்வளவுதான். இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போகும்போது உறக்கம் இல்லாததையும், முடிந்தால் அந்த இரவு எண்ணத்தையும் சொல்லுங்கள். கட்டிய கயிறு கையிலேயே இருக்கட்டும், அதற்காக வீட்டில் வாக்குவாதம் தேவையில்லை. கயிறும் சிகிச்சையும் ஒன்றையொன்று தடுக்காது. கிளினிக் நாளன்று அலுவலகத்தில் ஒரு நாள் லீவு கேளுங்கள். உடல்நலமில்லை என்று சொன்னால் போதும். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.