வாசகர் கேள்வி – பதில்: பழைய ராணுவ ரைஃபிள்கள்

கேள்வி: மறைந்த தாத்தாவின் மரப்பெட்டியில், துணி சுற்றிய பழைய ரைஃபிள் ஒன்று கிடைத்தது. அவரிடம் லைசென்ஸ் இருந்ததாம். இந்தியாவில் இதை நினைவுப் பொருளாக வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: அவர் பெயரில் இருந்த லைசென்ஸ் அவரோடு முடிந்துவிட்டது. இப்போது அந்த ரைஃபிள் வீட்டில் இருப்பதே சட்டச் சிக்கல். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு சொல்வது இதுதான்: வைத்திருக்கும் உரிமை போய்விட்ட ஆயுதத்தைத் தாமதமில்லாமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, லைசென்ஸ் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும். பயந்துபோய்க் கிணற்றில் போடுவதும், மறுபடி பரணில் ஏற்றுவதும் வினையை விலைக்கு வாங்குவதுதான். முதலில் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, எப்படிக் கொண்டுவருவது என்று கேளுங்கள். சாக்கில் சுற்றி பைக்கில் கட்டிக்கொண்டு நீங்களாகக் கிளம்ப வேண்டாம். ஒப்படைத்த பிறகு கொடுக்கும் ரசீதில் தயாரிப்பாளர் பெயர், தோட்டா அளவு, வரிசை எண் மூன்றும் இருக்கிறதா என்று அங்கேயே நின்று படியுங்கள். ‘பழைய ரைஃபிள் – 1’ என்று மட்டும் எழுதிய ரசீதை வைத்துக்கொண்டு பின்னால் எதையும் நிரூபிக்க முடியாது.

அதற்கப்புறம் வாரிசு என்ற முறையில் விண்ணப்பிக்கலாம். 2016 ஆயுத விதிகளில் 25-ஆவது விதி இதற்கென்றே இருக்கிறது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லாக் கடிதம், பழைய லைசென்ஸ் புத்தகம் எல்லாம் கேட்பார்கள். உயிரோடு இருக்கும்போதே மாற்றித்தரவும் இதே விதியில் வழி உண்டு: லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆகியிருக்க வேண்டும், அல்லது ஆயுதத்தை 25 ஆண்டு வைத்திருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பெயரில் இரண்டு துப்பாக்கிக்கு மேல் கூடாது. பரம்பரையாக வந்ததும் இந்தக் கணக்கில் சேரும். லைசென்ஸின் ஆயுள் 3 ஆண்டிலிருந்து 5 ஆனதும் இதே திருத்தத்தில்தான்.

கையில் இருப்பது எந்த அளவுத் துப்பாக்கி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நம்மூரில் ‘த்ரீ நாட் த்ரீ’ என்று சொல்லும் .303 தடைசெய்யப்பட்ட அளவு. அதற்கு மத்திய அரசின் தனி அனுமதி வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் தடைசெய்யப்பட்ட ஆயுதம் வைத்திருந்தால் 7 முதல் 14 ஆண்டு வரை சிறை. அரசுத் தொழிற்சாலையில் செய்த .315 ரைஃபிளோ பொதுமக்களுக்காகவே வந்தது. அதன் இயக்கம், .303 சுடும் பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிளான லீ-என்ஃபீல்டின் இயக்கம்தான், எனவே தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பேரலின் (குழலின்) மேல் பொறித்திருப்பதைப் படிக்காமல் ‘இது .303’ என்று யாரிடமும் சொல்லிவைக்காதீர்கள்.

கேள்வி: நூறு ஆண்டு தாண்டிய பழம்பொருளுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்கிறார்களே?

பதில்: அரைகுறையாகக் காதில் விழுந்த செய்தி. 45-ஆவது பிரிவின் விலக்கு, வழக்கொழிந்த மாதிரி அல்லது பழம்பொருள் மதிப்புள்ள ஆயுதத்துக்கு உண்டு. நிபந்தனை என்னவென்றால், அதைப் பழுதுபார்த்தாலும்கூடச் சுட முடியாததாக இருக்க வேண்டும். ஃபயரிங் பின் (தோட்டாவைத் தட்டும் ஊசி) இல்லை, ஸ்பிரிங் உடைந்திருக்கிறது என்பதெல்லாம் இதற்குள் வராது. பின்னை மாற்றினால் மறுநாள் சுடும். துருவும் அப்படித்தான்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிறேன். இரண்டாம் உலகப் போர் கால ரைஃபிள்களைச் சேர்க்க ஆசை. சேகரிப்பாளர் லைசென்ஸ் என்று தனியாக ஒன்று இருக்கிறதாமே?

பதில்: இருக்கிறது. ஆனால் அதற்கு முன் உங்கள் விசாவைப் பாருங்கள். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டமே பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. கிரீன் கார்டு வந்தவருக்கு இந்தத் தடை இல்லை. நண்பர் வாங்கி உங்கள் வீட்டில் வைத்தாலும் ‘வைத்திருத்தல்’ என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

அந்த லைசென்ஸின் பெயர் வகை 03, ‘கியூரியோ அண்ட் ரெலிக்’ (அரிய, பழைய ஆயுதங்கள்). 21 வயது நிறைந்திருக்க வேண்டும். 3 ஆண்டுக்குக் கட்டணம் 30 டாலர். விண்ணப்பம் துப்பாக்கி லைசென்ஸ் தரும் கூட்டாட்சி அமைப்பான ஏடிஎஃப் அலுவலகத்துக்கு, அதன் நகல் உங்கள் பகுதிக் காவல் தலைமைக்கு. கிடைத்துவிட்டால் தகுதியுள்ள ரைஃபிளை வேறு மாநிலத்திலிருந்தும் நேராக உங்கள் முகவரிக்கு வரவழைக்கலாம். மாநிலச் சட்டம் தனி. கலிஃபோர்னியா போன்ற இடங்களில் இதற்கு மேலும் நிபந்தனைகள் உண்டு.

தகுதி பெரும்பாலும் வயதால் வருவது: செய்து 50 ஆண்டு ஆகியிருக்க வேண்டும், அசல் அமைப்பிலும் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது பாதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 1943-இல் செய்த மௌசர் ரைஃபிளின் மரக்கட்டையை யாரோ வேட்டைக்கென்று அறுத்து, பேரலைக் குறுக்கி, ஸ்கோப்புக்குத் துளை போட்டிருந்தால் அது அசல் அமைப்பு இல்லை. வயது மட்டும் அதைக் காப்பாற்றாது. 1898 அல்லது அதற்கு முன் செய்தவை கூட்டாட்சிச் சட்டத்தில் ‘ஆன்டிக்’ என்று தனிக் கணக்கு.

பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவது பதிவேட்டில். வாங்கியதை அடுத்த வேலைநாள் முடிவதற்குள் எழுத வேண்டும், கைமாறியதை 7 நாளுக்குள். தேதி, யாரிடமிருந்து, தயாரிப்பாளர், மாடல், வரிசை எண், வகை, அளவு எல்லாம் வேண்டும். திருட்டுப் போனால் 48 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். லாபத்துக்கு வாங்கி விற்பது இந்த லைசென்ஸில் அடங்காது.

கேள்வி: லண்டனில் மார்ட்டினி-ஹென்றி என்ற பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிள் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. சான்றிதழ் வேண்டுமா?

பதில்: .577/450 அளவு, 1939 செப்டம்பர் 1-க்கு முன் செய்தது என்றால், அலங்காரப் பொருளாக வைத்துக்கொள்ளச் சான்றிதழ் தேவையில்லை. அதற்குத் தோட்டா தேடத் தொடங்கினால், சுடலாமே என்று நினைத்தால், வேண்டும். இந்த விலக்கு, வழக்கொழிந்தவை என்று அங்கே பட்டியலிட்ட தோட்டா அளவுகளுக்குத்தான்; .303 அந்தப் பட்டியலில் இல்லை.

கேள்வி: லீ-என்ஃபீல்டில் ‘மேட்சிங் நம்பர்’ (எல்லாப் பாகத்திலும் ஒரே வரிசை எண்) என்று விலையை ஏற்றுகிறார்கள். எங்கே பார்ப்பது?

பதில்: மார்க் 3 வகை என்றால் ஆறு இடம். ரிசீவரின் (போல்ட் ஓடும் இரும்புக் கூட்டின்) முன்வளையம், பேரல் அதனோடு சேரும் பகுதி, போல்ட் (பேரலின் பின்புறத்தை அடைக்கும் நகரும் உருளை) கைப்பிடியின் பின்புறம், நுனித் தொப்பியின் குமிழ், குறிபார்க்க உதவும் பின்குறியின் தகடு, முன்கட்டையின் அடிப்பக்கம். கட்டையின் கழுத்தில் வலப்புறம் உள்ள இரும்பு வளையத்தில் கிரீடம், தயாரிப்பாளர், ஆண்டு, மார்க் இருக்கும். ‘3’-க்குப் பின் நட்சத்திரம் இருந்தால் 1916-இல் போர் அவசரத்தில் எளிமைப்படுத்திய வடிவம்.

போல்ட் எண் மட்டும் வேறு என்றால் விலை குறைவதோடு முடியாது. ஹெட்ஸ்பேஸ் என்ற இடைவெளியை அளக்காமல் சுடக்கூடாது. .303 தோட்டா அதன் விளிம்பில் உட்காருகிறது. போல்ட் முகத்துக்கும் அந்த விளிம்பு உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளி கூடினால் பித்தளைக் கூடு பின்பக்கமாக இழுபட்டு, அடிக்குச் சற்று மேலே அறுந்துவிடும். .064 அங்குல கேஜில் (அளவு பார்க்கும் துண்டில்) போல்ட் மூட வேண்டும், .074-இல் மூடக்கூடாது. பின்னால் வந்த நம்பர் 4 லீ-என்ஃபீல்டில் போல்ட் தலை 0, 1, 2, 3 என்று எண்ணிட்டு வரும், எனவே துப்பாக்கி மெக்கானிக் அடுத்த எண்ணைப் போட்டுச் சரிசெய்வார். மார்க் 3-இல் இந்த எண் வசதி இல்லை. சுட்ட கூட்டின் அடியில் பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தால் கம்பியின் நுனியை வளைத்து உள்ளே விட்டு இழுத்துப் பாருங்கள். பள்ளத்தில் இடறினால் அன்றைக்குச் சுடுவதை நிறுத்திவிடுங்கள்.

ரிசீவரிலோ கட்டையிலோ ‘டி.பி.’ என்ற இரண்டு ஆங்கில எழுத்து இருந்தால் அது பயிற்சி அணிவகுப்புக்கு ஒதுக்கிய ரைஃபிள். சுவரில் மாட்டலாம், சுடக்கூடாது. அமெரிக்க ராணுவ ரைஃபிளான எம்1903 வாங்குபவரும் வரிசை எண்ணைப் பார்க்க வேண்டும்: ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதச்சாலையில் செய்தது 8,00,000-க்குக் கீழ், ராக் ஐலண்டில் செய்தது 2,85,507-க்குக் கீழ் என்றால் ரிசீவரின் எஃகை நம்ப முடியாது. இரும்பின் நிறத்தைக் கண்ணால் பார்த்துச் சூட்டைக் கணித்த காலம் அது. வெயில் நாளில் நிறம் மங்கலாகத் தெரிய, கூடுதலாகக் காய்ச்சிவிட்டார்கள். அப்படிக் காய்ந்த எஃகு உடையும்.

கேள்வி: என்னிடம் இருப்பது சோவியத் மோசின்-நாகன்ட் ரைஃபிள். நாலு தோட்டா சுட்டதும் போல்ட் திறக்க மறுக்கிறது.

பதில்: சேம்பரில் (தோட்டா உட்காரும் அறையில்) பழைய காஸ்மோலின் (துருப்பிடிக்காமலிருக்கப் பூசும் கெட்டியான கிரீஸ்) இறுகியிருக்கும். சூடேறியதும் அது பிசின் மாதிரி கூட்டைப் பிடித்துக்கொள்கிறது. குறுகலான சேம்பர் பிரஷைக் கரைப்பானில் நனைத்துச் சுழற்றி, துணி வெள்ளையாக வரும்வரை துடையுங்கள். மணல் தாள் போட்டுத் தேய்த்தால் சேம்பர் பெரிதாகி நோய் முற்றும். போல்ட் எண்ணைக் கோடு போட்டு அடித்து மேலே புது எண் எழுதியிருந்தால் மோசடி என்று நினைக்க வேண்டாம். போருக்குப் பிறகு கிடங்குகளில் செப்பனிட்டபோது அப்படித்தான் எழுதினார்கள்.

பழைய ராணுவத் தோட்டா சுட்டீர்களா? அதன் பிரைமரில் (தோட்டாவைப் பற்றவைக்கும் மருந்தில்) பொட்டாசியம் குளோரேட் இருந்தால் பேரலில் உப்பு படியும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். அன்றைக்கே வெந்நீரைப் புனல் வைத்து சேம்பர் பக்கமிருந்து ஊற்றி, போல்ட் முகத்தையும் கழுவி, உலர்த்தி, பிறகு எண்ணெய் போடுங்கள். ஈரக் காற்றில் ஓர் இரவு விட்டாலே செந்துரு பூக்கும்.

கேள்வி: கட்டையில் கீறலும் கறையும். தேய்த்து வார்னிஷ் அடிக்கலாமா?

பதில்: தொடாதீர்கள். கட்டையில் அமுக்கிய பரிசோதகர் முத்திரைகள் அரை மில்லிமீட்டர் ஆழம்கூட இருக்காது. ஒரு மாலை மணல் தாளில் அது போய்விடும், விலையும் கூடவே போகும். அழுக்கைக் கரைப்பானில் நனைத்த துணியால் துடைத்து, ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் மெல்லியதாகத் தேய்த்தால் போதும். எண்ணெய்த் துணியைக் கசக்கி மூலையில் எறியாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிவையுங்கள். சுவிஸ் ராணுவ ரைஃபிளான கே31 கிடைத்தால் கட்டையின் அடித்தகட்டில் உள்ள இரண்டு திருகையும் கழற்றிப் பாருங்கள். பலவற்றில் அதை வைத்திருந்த வீரரின் பெயர் எழுதிய அட்டை மடித்துக் கிடக்கும். இருந்தால் படம் எடுத்துக்கொண்டு, அங்கேயே திருப்பி வைத்துவிடுங்கள்.