நடுக்கடலில் உள்ள பழைய கலங்கரை விளக்கத்தில் அப்பாவின் அறுபதாம் கல்யாணம் நடத்த முடியுமா? நாங்கள் களியக்காவிளைப் பக்கம்.

அமெரிக்காவில் நடக்கும். அங்கே 2000-இல் வந்த சட்டப்படி, பழைய விளக்கங்களைத் தொண்டு அமைப்புகளுக்கு இலவசமாகக் கொடுக்கிறார்கள். யாரும் ஏற்காவிட்டால் ஏலம். அப்படிக் கைமாறிய சில இடங்களில் தங்கவும் விருந்து வைக்கவும் இடம் தருகிறார்கள்.

நம் பக்கம் நிலைமை வேறு. உங்களுக்குக் கிட்டே, கேரளத்தில் இருக்கும் விழிஞ்ஞம் கலங்கரை விளக்கம் 1972-இல் வந்தது, கரையிலேயே நிற்கிறது, இன்றும் கப்பல்களுக்கு வழிகாட்டுகிறது. மத்திய அரசின் கலங்கரை விளக்கத் துறை பார்க்கும் இடம் என்பதால், ஏறிப் பார்க்கலாம். விசேஷம் வைக்கும் மண்டபமாக எண்ண வேண்டாம்.

அனுமதி கிடைக்கும் இடமாகவே இருந்தாலும் பெரியவர்களை நினைத்துப் பாருங்கள். ஆடும் படகிலிருந்து தளத்துக்குக் கால் மாற்ற வேண்டும், அப்புறம் சுழல்படி. முழங்கால் வலி உள்ள அத்தை, பெரியப்பா எல்லாம் என்ன செய்வார்கள்? குடிநீர், சாப்பாடு, எல்லாமே படகில்தான் போகணும். பழைய கட்டடத்துக்குள் ஹோமத் தீ வளர்க்க யாரும் விட மாட்டார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் இந்தக் கடல் கொந்தளிக்கும். அந்த மாதங்களில் நாள் குறிக்கவே கூடாது.

என் யோசனை: ஹோமத்தையும் பந்தியையும் ஊரில் வையுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் நாள் அமைந்தால், மறுநாள் அப்பா அம்மாவை விழிஞ்ஞம் கூட்டிப் போங்கள். பார்வை நேரத்தை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.